உருண்டு நிற்பதற்குள்

குணாவின் பெயர் போனில் வந்தபோது நான் வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் காலைக் கூட்டத்தில் இருந்தேன். வெட்டிவிட்டேன். மறுபடி வந்தது. மறுபடி வெட்டினேன். ஐந்து வருடமாக என்னை அழைக்காதவன் இப்போது ஏன் அழைக்கிறான் என்று யோசிக்கக்கூட இல்லை. மூன்றாவது முறை எரிச்சலோடு வெளியே வந்து எடுத்தேன்.

"சொல்லு குணா, மீட்டிங்ல இருக்கேன்."

"சலோமி மிஸ் போயிட்டாங்கடா."

"எங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன்.

"காலையில எழுந்திருக்கல. பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிப் பார்த்துட்டு எனக்குப் போன் பண்ணாங்க. நீ வா" என்றான்.

நான் கூட்டத்துக்குத் திரும்பிப் போனேன். என் முறை வந்தபோது என் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் மெட்ரோ பிடித்தேன். இதை விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். இந்தப் பக்கத்தில் எதையும் விட்டுவிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இதைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் மிஸ்ஸிடம் ஓடியவர்கள், மீதிப் பேர் ஓடியவர்களின் வீட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சலோமி மிஸ் கோலார் தங்கவயலில் பிறந்தவர். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் ஓய்வு பெறும்வரை பி.டி. டீச்சர். அதன் பிறகு பிரேசர் டவுனில் தன் வீட்டுக்கு அருகில் இருந்த மண் மைதானத்தில், வாரத்தில் நான்கு சாயங்காலம், வந்தவர்களுக்கெல்லாம் ஓடக் கற்றுக்கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளைத் தொப்பி, ஆண்கள் போடும் கான்வாஸ் ஷூ, கழுத்தில் ஸ்டாப்வாட்ச். குரல் மைதானத்தைத் தாண்டி பேக்கரி முனைவரை கேட்கும்.

நான் அவரிடம் போனது பொறியியல் முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கல்லூரியில் நூறு மீட்டரில் மெடல் வாங்கியவன் என்ற திமிர் இருந்தது. முதல் நாளே போனை நீட்டி என் ஓட்டத்தின் வரைபடத்தைக் காட்டினேன்.

"இன்னா இது, ஈசிஜியா?" என்றார்.

"என் ஸ்பீடு மிஸ். எங்க குறையுதுன்னு இதுல தெரியும்."

"எங்க குறையணும்னு எனக்கும் தெரியும். வாய்ல. போ, ஓடு."

ஓடினேன். நேரம் என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொல்வார்; எல்லோருக்கும் அப்படித்தான். அளந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்ன பயிற்சி என்று கேட்டேவிட்டேன். "இன்னைக்கே சொன்னா நாளைக்கு வாட்சுக்கு ஓடுவே. ரிலேல உன் பின்னாடி வாட்சா வரப்போவுது? ஆளு வருவான். அவனுக்கு ஓடு" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை. ஆனால் மறுநாளும் போனேன்.

அவருடைய உயிர் ரிலேயில்தான் இருந்தது. நான்கு பேர், நூறு நூறு மீட்டர், கைக்குக் கை மாறும் ஒரு அலுமினியக் குழல். பயிற்சியில் அந்த பேட்டன் கீழே விழுந்தால் மைதானமே நிற்கும். மண்ணில் அது கொஞ்ச தூரம் உருளும். உருண்டு நிற்பதற்குள் தப்பு செய்தவன் கையைத் தூக்க வேண்டும். தூக்கி, என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். 'சாரி மிஸ்' அவருக்கு ஆகாது. 'கையைச் சீக்கிரம் எடுத்துட்டேன்', 'திரும்பிப் பார்த்துட்டேன்' என்று இருக்க வேண்டும். சொன்னவனுக்குத் திட்டு இல்லை. மறுபடி ஓட வேண்டும். இரண்டு பேரின் கை எழுந்தால் மிஸ் சிரிப்பார். ஒரு கையும் எழவில்லை என்றால் அன்றைய பயிற்சி முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

வைட்ஃபீல்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்று வந்த ஒரு நாள், பத்து நிமிடத்தில் அப்படி முடிந்துபோனது. எனக்குப் பொறுக்கவில்லை. "யாருன்னு உங்களுக்குத்தான் தெரியுமே மிஸ். நீங்களே சொல்லிட்டா டைம் மிச்சம்" என்றேன்.

"நான் சொன்னா அது என் கண்டுபிடிப்பு. நீ சொன்னாதான் அது உன் தப்பு" என்றார். தொப்பியைக் கழற்றித் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குணா தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவன். சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக் கடையின் குடோனில் துணி பேல்களை இறக்கும் வேலை. பயிற்சிக்குக் கடைசியாக வருவான், ரயிலுக்காக முதலில் கிளம்புவான். அவனை மிஸ் கேப்டன் ஆக்கினார்.

"பாதி பிராக்டீஸ்ல அவன் இருக்கிறதே இல்ல மிஸ்" என்றேன்.

"இருக்கிற பாதியில அவன் கை எத்தனை தடவ மேல போச்சு, பார்த்தியா?"

"இல்ல."

"உன் கை?"

குணா பக்கத்தில் லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். "விடுங்க மிஸ். இன்ஜினியர் கையைத் தூக்கணும்னா மேனேஜர்கிட்ட மெயில் போட்டு அப்ரூவல் வாங்கணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி எழுதப்போவது புரிய, அந்த டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஓட்டம் குணா, கடைசி ஓட்டம் நான். எனக்குப் பின்னால் தடத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கும். குணாவின் கால் அதைத் தொட்டதும் நான் முன்னால் பார்த்து முழு வேகத்தில் கிளம்பிவிட வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் "கை!" என்று கத்துவான், நான் கையைப் பின்னால் நீட்டுவேன், அதில் பேட்டன் வந்து சேரும். டேப் இருக்கும் தூரத்தை என் ஷூவால் அளப்போம், குதிகாலும் நுனியும் ஒட்ட வைத்து, அடி அடியாக. தூரம் குறைந்தால் அவன் என் முதுகில் வந்து மோதுவான். கூடினால் நான் சீக்கிரம் கிளம்பிவிடுவேன், அவனால் என்னைப் பிடிக்க முடியாது.

மிஸ்ஸின் அப்பா சுரங்கத்தில் ஆட்களின் கூண்டை இறக்கி ஏற்றும் எஞ்சினை ஓட்டியவர். "எங்கப்பாவுக்குக் கூண்டு கண்ணுல படாது. அது பூமிக்குள்ள எங்கியோ இருக்கும். கீழ ஒருத்தன் மணி அடிப்பான். அதை நம்பி இவரு இழுப்பாரு. உங்களுக்கு அந்த டேப்புதான் மணி. அதுல மட்டும் யாரும் விளையாடாதீங்க" என்பார். இதை அவர் எங்களிடம் ஒரு முறை சொல்லவில்லை, வாரம் ஒரு முறை சொன்னார்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய அந்தப் போட்டியின்போது உங்களில் பலர் ஸ்டாண்டில் இருந்தீர்கள். ஒரு தொழிற்சாலையிலிருந்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்க இரண்டு பேர் நோட்டோடு வந்திருந்தார்கள். எனக்கு அதனால் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை என் நாற்காலி எனக்காக இருக்கும். குணாவுக்கு அது பேல் சுமக்காமல் பிழைக்க ஒரு வழி.

எங்கள் வழக்கமான தூரம் இருபத்தாறு அடி. அன்று மதியம் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குணாவுக்குக் கடையில லீவு குடுக்கல. காலையில லோடு இறக்கிட்டுதான் வந்திருக்கான். கால் கனமா இருக்கு. இருபத்து நாலு வை. அவன்கிட்டயும் சொல்லிட்டேன்."

தலையாட்டினேன். என் போனில் பதினொரு பயிற்சிகளின் வீடியோ இருந்தது. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன். பதினொன்றிலும் குணா என் முதுகுவரை வந்து வேகத்தைக் குறைத்திருந்தான். இருபத்தாறே குறைவு, இருபத்தேழுதான் சரி என்பது என் முடிவு. போட்டி நாளில் எல்லோரும் இன்னும் வேகமாகத்தான் ஓடுவார்கள் என்றும் நினைத்தேன். இருபத்து நாலு என்பது மிஸ் பாவம் பார்த்துச் சொன்னதாக எனக்குப் பட்டது. யாரிடமும் கேட்கவில்லை. டேப்பை இருபத்தேழில் ஒட்டினேன்.

அந்தக் கணக்கை இப்போதும் வைத்திருக்கிறேன். எண்களில் பிழை இல்லை. அன்று காலை இறக்கிய பேல்கள்தான் அதில் இல்லை.

குணாவின் கால் டேப்பைத் தொட்டது. கிளம்பினேன். "கை!" என்று கேட்டது. நீட்டினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி "கை!" என்று கேட்டது, குரல் பின்தங்கியிருந்தது. பிறகு அலுமினியம் தரையில் மோதும் சத்தம். திரும்பினேன். குணா தொடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். எட்டிக் கொடுக்கப் பாய்ந்ததில் தசை கிழிந்திருந்தது. பேட்டன் பக்கத்து லேனுக்குள் உருண்டுகொண்டிருந்தது. செயற்கைத் தடத்தில் அது வெகு தூரம் உருளும். அது நிற்பதற்குள், படுத்த வாக்கிலேயே குணா கையைத் தூக்கினான். "கால் வரல மிஸ்! கால் வரல!" என்று கத்தினான்.

நான் நின்றுகொண்டிருந்தேன். என் இரண்டு கையும் கீழே இருந்தன.

"லோடு ஆளுக்கு ரிலே எதுக்கு?" என்று ஸ்டாண்டில் யாரோ சொன்னது தடம்வரை கேட்டது. சொன்னவர் இதைப் படிக்கக்கூடும்.

குணாவை ஆட்டோவில் ஏற்றி மற்ற இருவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு மிஸ் தடத்துக்குத் திரும்பி வந்தார். நான் டேப்பைப் பிரிக்கக் குனிந்திருந்தேன். ஒட்டியவன்தான் பிரிக்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி.

"பிரிக்காதே. ஷூவைக் கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். எழுபதை நெருங்கியவர், முட்டி வலி உள்ளவர், தடத்தில் மண்டி போட்டு என் வலது ஷூவை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எண்ணினார். வாய்விட்டு எண்ணினார். இருபத்து நாலில் நிறுத்தி டேப்பைப் பார்த்தார். மறுபடி தொடர்ந்தார். இருபத்தேழில் ஷூவின் நுனி டேப்பைத் தொட்டது. அவர் எழ நான் கை கொடுத்தேன். அதைப் பிடிக்காமல் தரையை ஊன்றி எழுந்தார். ஷூவை என்னிடம் நீட்டினார்.

"மிஸ், என் கால்குலேஷன்ல..."

"நீயே அவன்கிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

வேறு எதுவும் சொல்லவில்லை. என்னைக் குழுவைவிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன், அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால், தண்டனை கிடைத்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று போயிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குணாவின் தொடை நான்கு மாதத்தில் ஆறியது. அவன் மறுபடி ஓட வரவில்லை. தொழிற்சாலைக்காரர்கள் வேறு அணியிலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். குணா அதே குடோனில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சிவாஜிநகரில் கறி வாங்கிக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போவான், அவர் சமைப்பார், இருவரும் சாப்பிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டேன்.

மற்ற நாட்களில் போவேன். போனபோதெல்லாம் மிஸ் ஒரே கேள்வி கேட்பார். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னால், "உனக்கும். சொன்னியா?" வேலையில் உயர்வு கிடைத்தது என்றால், "நல்லது. சொன்னியா?" அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது பார்க்கப் போனால், கண்ணைத் திறக்காமலே, "சொன்னியா?"

"இப்ப சொல்லி இன்னா மிஸ் ஆகப்போவுது? அவன் மறந்திருப்பான்."

"அவன் மறந்தானான்னு நான் கேக்கல."

ஒரு முறை நானும் சூடாகிவிட்டேன். "உங்களுக்கு அவ்ளோ முக்கியம்னா நீங்களே சொல்லிடலாமே, ஏன் என்னை இப்படி அரிக்கிறீங்க?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஆளுங்கள நடத்துறது பெரிய வித்தை இல்லடா. தப்பு யாருதோ அவன் கையில வெச்சிட்டு, அவன் தூக்குற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். அது மட்டும்தான் கஷ்டம். கால் வலிக்கும்" என்றார்.

அடக்கத்தன்று குணா பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான். நான் பின்பக்கம். கல்லறைத் தோட்டத்தின் வாசலிலிருந்து குழிவரை அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். முடிந்த பிறகு வெளியே டீக்கடையில் நின்றோம். அவன் கையில் மண் ஒட்டியிருந்தது.

"மச்சா, அன்னைக்கு ஒரு அரை அடி எட்டியிருந்தேன்னா மிஸ் பேரு பேப்பர்ல வந்திருக்கும்டா. அவங்களுக்கு நான் பண்ண முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் பண்ணல."

அவன் எதற்காக வாராவாரம் கறி வாங்கிப் போனான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"டேப் இருபத்தேழுல இருந்துச்சு குணா."

"எந்த டேப்பு?"

"அன்னைக்கு. மிஸ் இருபத்து நாலுன்னாங்க. நான் இருபத்தேழுல ஒட்டினேன்."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். என் காலைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். அங்கே மூன்று அடி எவ்வளவு என்று பார்க்கிறான் என்று தோன்றியது.

"கால் வரலன்னு நெனச்சுனு இருக்கேன்டா நானு. எங்கம்மா கேட்டாங்க, கால் வரலம்மான்னேன். பொண்ணு பாக்கப் போன வீட்ல ஏன் ஓட்டத்தை விட்டுட்டன்னு கேட்டாங்க. அங்கயும் கால் வரலன்னுதான் சொன்னேன்."

கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தான்.

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவரைப் புதைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. "தெரியும். அன்னைக்கே அளந்து பார்த்தாங்க" என்றேன்.

அவன் முகம் விழுந்தது அப்போதுதான். "அத்தினி ஞாயித்துக்கெழம. பக்கத்துல உக்காந்து கறி போட்டாங்க. இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ, இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோன்னு. ஒரு வார்த்த சொல்லல."

"என்னைச் சொல்லச் சொன்னாங்க. பாக்கும்போதெல்லாம் கேட்டாங்க."

"நீயும் சொல்லல, அவங்களும் சொல்லல. நடுவுல நான் ஒருத்தன் லூசு மாதிரி தின்னுனு இருந்தேன்."

மிஸ்ஸின் விதி சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. என்னை ஆளாக்க அவர் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு முழுவதும் குணாவின் தோளில் இருந்தது. அவரிடம் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்துவிட்டேன். பெரியவர்கள் இறந்ததும் அவர்கள் செய்தது எல்லாம் சரியாகிவிடுவதில்லை. சரியாகிவிட்டது என்று சொன்னால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"சாரிடா" என்றேன்.

"சாரி கீரி வேணாம். அவங்களுக்கே புடிக்காது அது. கையைத் தூக்கு. எங்கிட்ட இல்ல. அன்னைக்கு ஸ்டாண்டுல இருந்தாங்களே, அத்தினி பேரு முன்னாடி தூக்கு."

பஸ் வந்தது. ஏறிவிட்டான். அவனுடைய டீ அப்படியே இருந்தது.

முப்பதாம் நாள் கூட்டத்தில் கொடுக்கும் நினைவு மலருக்கு மிஸ்ஸைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார்கள். இதுதான் அது. மிஸ் இருபத்து நாலு என்றார். நான் இருபத்தேழில் ஒட்டினேன். அதை மிஸ்ஸிடமும் சொல்லவில்லை, குணாவிடமும் சொல்லவில்லை. குணா அன்று மெதுவாக ஓடவில்லை. தனக்குச் சொல்லப்பட்ட தூரத்தை நம்பி ஓடினான். அவனைப் பற்றி இத்தனை வருடம் நீங்கள் பேசிய பேச்சை என் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

உங்களில் யாரிடமோ அவருடைய ஸ்டாப்வாட்ச் இருக்கும், யாரிடமோ தொப்பி இருக்கும். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, போன் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார். போனேன். காலை வணக்கப் படங்களால் நிறைந்திருந்தது, அழித்துக் கொடுத்தேன். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். காபியை என்னையே போடச் சொன்னார், சர்க்கரை அதிகம் என்று திட்டினார். கிளம்பும்போது வாசலில் ஷூ போட்டுக்கொண்டே அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷூ புதுசா?"

"ஆமா மிஸ்."

"பாத்துப் போ."

வேறு எதுவும் கேட்கவில்லை. படியிறங்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்தக் கட்டுரையில் எழுதக் கஷ்டமாக இருந்த வரி அதுதான். அவர் மறந்துவிட்டாரா, உடம்பு முடியவில்லையா, இவன் தூக்கமாட்டான் என்று முடிவு செய்துவிட்டாரா, எனக்குத் தெரியாது. ஐந்து வருடம் என் பக்கத்தில் நின்றவர் அன்று நின்றது போதும் என்று உட்கார்ந்துவிட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, அவர் கேட்காமல் விட்ட அந்த ஒரு முறை.